ஜெனரேட்டரை யார் ஸ்டார்ட் பண்ணுவது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்றை விட்டுவிடுவேன், மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கினோம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எறையூர் பக்கம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர். இப்போது ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறார். சின்ன பீரோ மாதிரி கட்டிலுக்குப் பக்கத்தில் அது நிற்கும். அறைக் காற்றை இழுத்து, குழாய் வழியாக அவர் மூக்குக்குக் கொடுக்கும். நுரையீரல் கெட்டதற்கு டாக்டர் பீடியைக் காரணம் சொன்னார். இவர் ரோட்டுப் புழுதியைச் சொல்கிறார். எதுவாக இருந்தாலும் அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

லைன் வேலை என்று எப்போதாவது ஒருநாள் காலையில் கரண்டை நிறுத்துவார்கள். சாயங்காலம்தான் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் இந்த மெஷினை வைத்துக்கொண்டு அது அதிக நேரம் தாங்காது. அதற்குப் பிறகு ஆக்சிஜன் சிலிண்டர். சிலிண்டரின் வாயைத் திறந்துவிடுவது எப்போதும் மகளோ மாப்பிள்ளையோதான். அவர்கள் இருப்பது அரியலூர்.

போன வெயில் காலத்தில் ஒருநாள் அப்படிக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கத்திக் கத்தி ஓய்ந்தது. நான் சிலிண்டரில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்புகிறேன், அசையவில்லை. தெருவுக்கு ஓடினேன். ஒரு ஆம்பிளை இல்லை. பகலில் எங்கள் தெரு அப்படித்தான், கரும்பு வெட்டுக்கும் வெங்காய லோடுக்கும் டவுனுக்கும் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரிதான் கையில் மாவோடு ஓடிவந்தாள். இரண்டு பேரும் ஸ்பேனரில் தொங்கினோம். அது திறந்தபோது இவர் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே மகள் வந்துவிட்டாள். "இனிமே இந்த விளையாட்டு வேணாம்மா, ஜெனரேட்டரு வாங்கிடுவோம்" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரியை இவருக்குத் துணை வைத்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனோம். மகள், மாப்பிள்ளை, நான்.

"என்னென்ன ஓடணும் சார்?" என்று கடைக்காரர் மாப்பிள்ளையைக் கேட்டார்.

"ஆக்சிஜன் மெஷின், ரெண்டு ஃபேன், லைட்டு."

"ஃப்ரிட்ஜையும் சொல்லுங்க" என்றாள் மகள்.

"மோட்டாரு இல்லாம தண்ணிக்கு என்னா பண்றது? அதையும் சேத்துக்குங்க" என்றார் மாப்பிள்ளை.

"டிவி?" என்றார் கடைக்காரர்.

"அது இல்லாம மாமா இருப்பாரா?"

ஒன்று சேர்க்கச் சேர்க்க, கடைக்காரர் அடுத்த பெரிய ஜெனரேட்டர் செட்டுக்கு நகர்ந்துகொண்டே போனார். கடைசியாகப் போய் நின்றது கன்றுக்குட்டி பருமன் இருந்தது. "இது எல்லாத்தையும் தாங்கும் சார்" என்று சொல்லி, காலை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் இருந்த கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். கடையே அதிர்ந்தது. மாப்பிள்ளை சிரித்துத் தலையாட்டினார். நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போகிறபோது வீட்டில் இருக்கப்போவது நான். இதை யார் இழுப்பது?

கேட்டிருக்கலாம். ஆனால் நான் மாப்பிள்ளைக்கு முன்னால் பேசிப் பழகாதவள். அவர் வந்தால் எழுந்து கதவோரம் போய்விடுவேன். சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் மகளிடம் சொல்லி, மகள்தான் அவரிடம் சொல்வாள். அவரும் அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்வார். அதனால் மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னம்மா, பாத்ரூம் போவணுமா?" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இல்லையென்று தலையாட்டிவிட்டு நின்றேன். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும் அவருக்கு.

"ஏம் புள்ள... மூஞ்சி ஏன்... இப்புடி இருக்கு?"

"கயிறு இழுக்கணுமாங்க."

என் கையைப் பார்த்தார். "அங்கயே... சொல்ல வேண்டியதுதான?"

"மாப்ள இருந்தாரு."

"சரி... அப்ப கரண்டு போனா... அரியலூருக்கு போன் போடு. மாப்ள வந்து... இழுத்து வுடட்டும். அதுவரைக்கும் நான்... மூச்ச புடிச்சிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்களிடம் பருத்திக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் இருக்கிறது. அதுவும் கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். "கொஞ்சம் இழுத்துப் பாக்கறேண்டி" என்றேன்.

"எதுக்குக்கா? இந்த வயசுல மருந்தடிக்கப் போறியா?" என்று கேட்டாலும் கொண்டுவந்து வைத்தாள். இழுத்தேன். பாதிக்கு மேல் கயிறு வரவில்லை. கை மாற்றி இழுத்தேன், தோள்பட்டைதான் கழன்றுவிடும்போல் இருந்தது. அவள் இழுத்தாள். உடனே பிடித்துக்கொண்டது. "நான் வந்து இழுத்து வுடறேங்க்கா" என்றாள். நல்ல மனசுதான். ஆனால் அவளும் பாதி நாள் களையெடுப்புக்குப் போகிறவள். அவருடைய மூச்சை இன்னொருத்தி வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதில் எப்படி விடுவது? மருந்து வாடை கையிலிருந்து போகச் சோப்புப் போட்டுக் கழுவும்போது இதைத்தான் நினைத்தேன்.

அன்றைக்குக் கடைக்கு மறுபடி போனோம். மாப்பிள்ளை பணத்தை எடுக்கப் போகிற நேரம். அவரைப் பார்க்காமல், கடைக்காரரைப் பார்த்து, "இத ஒருதடவ நான் இழுத்துப் பாக்கலாமுங்களா?" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு இழுத்தேன். ஒரு முழம்கூட வரவில்லை.

"வுடுங்கம்மா, கை புடிச்சிக்கும்" என்று ஓடிவந்தார் கடைக்காரர். "வூட்டுல யாரு ஸ்டார்ட் பண்ணுவாங்க?"

"நான்தாங்க."

"ஆம்பளைங்க யாராச்சும்..."

"ஒருத்தருதான் இருக்காரு. அவருக்காகத்தான் இது."

மாப்பிள்ளை பணத்தைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். "அத்தை, இத நேத்தே சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார், நேராக என்னிடமே. நான் மகளைப் பார்த்தேன். அவள் அழுவாள்போல் இருந்தாள்.

பிறகு கடைக்காரர் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்தார். சாவி போட்டுத் திருப்பினால் போதும். நான் திருப்பினேன். புடிச்சிக்கிச்சு. ஆக்சிஜன் மெஷின், ஒரு ஃபேன், ஒரு லைட்டு, அவ்வளவுதான் தாங்கும் என்றார்.

"அப்ப மோட்டாரு?" என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"கரண்டு போறதுக்கு முன்னால குடத்துல புடிச்சி வச்சிக்கிறேன்னு சொல்லும்மா" என்று மகளிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

செட்டைப் பின்பக்கம், இவர் அறையிலிருந்து தள்ளி, மாட்டுக் கொட்டகைக்கு அந்தண்டை வைத்தோம். வீட்டுக்குள்ளோ ஜன்னலோரமோ வைக்கவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். சாவி என் தாலிக் கயிற்றோடு ஒரு ஊக்கில் தொங்குகிறது. வாராவாரம் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடுமாம்.

அடுத்த லைன் வேலை அன்றைக்குத் தெருவில் வழக்கம்போல் யாருமில்லை. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும் முன்பே பின்பக்கம் போய்ச் சாவியைத் திருப்பினேன். ஓடி உள்ளே வந்தால், மெஷின் ஓடுகிறது, இவர் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார்.

"காது கிழியுது... புள்ள" என்றார். "டிவி... ஓடாதா?"

"ஓடாது. பேசாம மூச்ச வுடுங்க" என்றேன்.

ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன். புகை எவ்வளவு தூரம் தள்ளியிருக்க வேண்டும், எந்த மெஷினுக்கு எவ்வளவு பெரிய செட், வாராவாரம் எவ்வளவு நேரம் ஓடவிடுவது, இதெல்லாம் எனக்குச் சொன்னதை வைத்து நான் எழுதியது. தப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். விவரம் தெரிந்தவர் யாராவது இதைப் பார்த்துச் சரிபண்ணிவிடுங்கள். என்னை மாதிரி ஒருத்தி இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனாலும் போவாள்.