துப்பாமல் ஐந்து நிமிடம்

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. அதன்மேல் தினமும் காலையில், ருசி பார்ப்பதற்கான தேநீரோடு நாற்பது வெள்ளைக் கோப்பைகள் வரிசை கட்டி நிற்கும். அவள் கரண்டியில் எடுத்து, 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டடி தள்ளியிருக்கும் தொட்டியில் 'ப்ளிச்' என்று துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவாள். எல்லாம் மூன்றே விநாடி. அந்தச் சத்தம் கீழே இலை உலர்த்தும் கூடம்வரை கேட்கும். அதனால் தொழிற்சாலை முழுக்க அவளுக்கு 'உறிஞ்சக்கா' என்றுதான் பெயர். கேலிக்கு வைத்த பெயர். அவளோ அதை மாலையாகப் போட்டுக்கொண்டாள்.

போட்டுக்கொள்ள மாட்டாளா பின்னே? அந்த அறைக்குக் கோப்பை கழுவ வந்தவள் அவள். கழுவுவதற்கு முன்னால் மிச்சத்தில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். எல்லோரும் நல்லது என்று தலையாட்டி அனுப்பிய தேயிலையை ஒருநாள் "இது கருகியிருக்கே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தால் கருகித்தான் இருந்தது. அடுத்த வருடமே கரண்டி அவள் கைக்கு வந்தது. அந்த மேஜையில் நின்ற முதல் பெண் அவள்தான். இருபது வருடமாக அவள் நாக்கை நம்பித்தான் பெட்டி பெட்டியாகத் தேயிலை கப்பலேறுகிறது.

அந்த நாக்கில்தான் புண் வந்தது. கண் பட்டுவிட்டது என்றான் பஸ் ஓட்டும் அவள் கணவன்.

வந்ததென்றால் ஒன்றிரண்டா? மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கைந்து சேர்ந்தாற்போல் கிளம்பும். நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், உதட்டின் அடி என்று இடம் பிடித்து உட்காரும். நடுவே வெள்ளை, சுற்றிலும் செக்கச்செவேல். பழையது ஆறுவதற்குள் புதியது வந்துவிடும். தண்ணீர் பட்டாலே கண்ணில் நீர் முட்டும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேன் தடவினாள், சத்து மாத்திரை விழுங்கினாள், கடையில் விற்ற களிம்பையெல்லாம் பூசினாள். எதற்கும் அசையவில்லை.

மேஜையின் மறுமுனையில் ருசி பார்க்கும் மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்.

"பொய் சொல்றவங்களுக்குத்தான் வாயில புண்ணு வருமாம்," என்று அவர் சீண்டினார்.

"அப்படின்னா உங்களுக்கு இந்நேரம் வாயே இருந்திருக்காதே," என்றாள். வலியிலும் அவள் வாய் சும்மா இருக்காது.

ஒருநாள் காலை, எரிச்சலைத் தவிர வேறெதுவும் நாக்குக்குத் தெரியவில்லை. வாசனையையும் நிறத்தையும் வைத்து எப்படியோ ஒப்பேற்றியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கு மனசு வரவில்லை. மதிப்பெண் போடும் இடத்தில் 'வாயில் புண். சொல்ல முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த மாதம் இப்படி ஐந்து தாள்கள்.

மேலாளர் ஐந்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னம்மா இது, டேஸ்டிங் ஷீட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டா?"

"தெரியாததைத் தெரியும்னு எழுதச் சொல்றீங்களா சார்?"

"இன்னும் ஆறு வாரத்துல பெரிய ஆர்டர் போகுது. அதுக்குள்ள வாய் சரியாகலைன்னா நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா. எனக்கும் வேற வழியில்ல."

பேக்கிங்! பெட்டிக்குக் காகிதம் ஒட்டவா இருபது வருடம் நாக்கைத் தீட்டி வைத்தாள்? அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கணவன் மறுநாளே லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கடித்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்துச் சோதித்தாள். ரத்தத்தில் குறை ஒன்றுமில்லை.

"பயப்பட வேண்டாம்மா. இது யாருக்கும் ஒட்டாது. வேரோட போயிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா அடக்கி வைக்கலாம். இந்த மாத்திரையை ரெண்டு ஸ்பூன் தண்ணியில கரைச்சு வாயில ஊத்தி, நல்லா சுழட்டித் துப்பிடணும். முழுங்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம், நாலு வேளை. அப்புறம் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க, குடிக்காதீங்க."

'சுழட்டித் துப்பிடணும்' என்றதுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அதுக்குத்தானே டாக்டரம்மா எனக்குச் சம்பளமே குடுக்குறாங்க!" என்றாள். அந்தப் பெருமையில் மிச்சப் பேச்சு காற்றோடு போயிற்று.

மூன்று வாரம் வேளை தவறாமல் செய்தாள். புண் ஒரு துளி அசைந்து கொடுக்கவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்போ அடுத்தது விழுங்குற மாத்திரைதான். கொஞ்சம் கடுமையான மருந்து, மாசாமாசம் ரத்தம் பார்க்கணும். கேக்குதான்னு தெரியவே ரெண்டு மூணு மாசம் ஆகும்."

ரெண்டு மூணு மாசமா? ஆர்டருக்கு மூன்று வாரம்கூட இல்லை. டாக்டர் சீட்டில் பேனாவை வைத்தவள், நிமிர்ந்தாள்.

"ஒரு நிமிஷம். எப்படிக் கொப்பளிக்கிறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க."

காட்டச் சொன்னால் விடுவாளா? மாத்திரையைக் கரைத்தாள், கரண்டியில் எடுத்தாள். சர்ர்ர். ப்ளிச். இரண்டடி தள்ளியிருந்த பேசினின் நட்டநடுவில் விழுந்தது. வெளியே ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. எப்படி என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் டாக்டர்.

"முடிஞ்சுது."

"அஞ்சு நிமிஷம்னு சொன்னேனேம்மா!"

"எதுக்கு டாக்டரம்மா? ஒரு சுத்துலயே தெரிஞ்சிருச்சே. முதல்ல கசப்பு, கடைசியில லேசா சுண்ணாம்பு."

டாக்டர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "உங்களை ருசி பார்க்கச் சொல்லலம்மா! மருந்து புண்ணுல ஊற வேண்டாமா?"

யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா? உலகத்தில் வேறு யாருக்கும் வராத தப்பு அவளுக்கு மட்டும் வந்திருக்கிறது, அதுவும் கைவந்த வித்தையில். வெட்கத்தில் காது சிவந்தது. டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டாள். "பத்து நாள் ஒழுங்கா செஞ்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

ஐந்து நிமிடம் துப்பாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய பாடு என்று யாருக்குத் தெரியும்! மூன்றாவது விநாடியே உதடு தானாகக் குவியும். கணவன் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்துகொண்டான்.

"கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல நான் பேசி நீ கேக்குறது இதுதான் முதல் தடவை. இரு, இன்னும் மூணு நிமிஷம் பாக்கி இருக்கு," என்று ஆரம்பித்தான். உப்பிய கன்னத்தோடு துண்டைச் சுருட்டி அவன்மேல் எறிந்தாள்.

பத்தாம் நாள் பழைய புண்கள் எல்லாம் ஆறியிருந்தன. அதன்பின் ஓரத்தில் சுருக்கென்றதும் மருந்தை ஆரம்பித்துவிடுவாள். வந்தாலும் மிளகளவு வந்து நான்கு நாளில் போயிற்று.

ஆர்டர் நாள். நாற்பது கோப்பைகள். கண்ணாடிக்காரர் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார். பதினேழாவதில் அவள் நின்றாள். மறுபடி உறிஞ்சினாள்.

"புகை அடிக்குது."

மேலாளர் ஓடிவந்தார். "ஏம்மா, திரும்பவும் புண்ணா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வாயை ஆவென்று திறந்தாள். "நல்லா பாருங்க சார். டார்ச் வேணும்னாலும் அடிச்சுப் பாருங்க. வாய் சுத்தமா இருக்கு. தேயிலையிலதான் புகை."

கீழே போய் உலர்த்தும் இயந்திரத்தைப் பிரித்தார்கள். புகைக்குழாயில் நூலளவு விரிசல். புகை ஏறிய பெட்டிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவை கப்பலுக்குப் போயின. அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பும் பேச்சை அதற்குப்பின் யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "எனக்கு நாலு நாளா சளிம்மா. ஒரு வாசனையும் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அடுத்த திங்கட்கிழமை புதிய தாள்கள் அச்சாகி வந்தன. கோப்பை எண்ணுக்கு முன்னால் ஒரு கட்டம் புதிதாக இருந்தது: 'இன்று வாய், மூக்கு எப்படி?' மேலாளர் அதை அவள் முன்னால் வைத்து, "உங்க ஆஸ்பத்திரிச் சீட்டுதாம்மா," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதலில் கண்ணாடிக்காரர் எழுதினார்: 'மூக்கடைப்பு. சொல்ல முடியாது.' கையெழுத்துப் போட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

அன்று அவள் உதட்டின் அடியில் சின்னதாக ஒன்று வந்திருந்தது. மறைக்கவில்லை. 'உதட்டில் ஒரு சிறு புண். நாக்கு சரி. சொல்ல முடியும்' என்று எழுதிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

சர்ர்ர்.