கச்சா லிம்பு

தாராவியில் நான் வேலை பார்த்த கார்கானாவில், அதாவது சின்னப் பட்டறையில், தோல் பைகள் தைத்தோம். அதற்கு முன் கோவண்டியில் சரக்கு ஏற்றினேன், சான்பாடாவில் கட்டட வேலை. பாதியில் படிப்பை விட்டவன், எங்கேயும் தரித்ததில்லை. இங்கே கீழே வேலை, பரணில் படுக்கை. மழை வந்தால் இரண்டும் நனையும். அது கிடக்கட்டும்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். மனைவி காய்ச்சலில் இறந்த பிறகு அவருடைய சின்ன மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். காதிலும் தொண்டையிலும் குறையில்லை என்றார்கள் டாக்டர்கள். பேசட்டும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றது பள்ளிக்கூடம். அவர் அவளைத் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, "வாப்பான்னு ஒரு தடவ சொல்லும்மா" என்று கெஞ்சுவார். மிட்டாய் கொடுப்பார். மிட்டாயைத் தின்றுவிட்டு மறுபடி தோல் சுருள்மேல் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு சாயங்காலம் சந்துப் பிள்ளைகளில் பெரியவள் வாசலில் வந்து நின்றாள். தெருவே அடங்கும் வாய் அவளுக்கு.

"மாமா, லங்கடிக்கு ஒரு ஆளு கொறையுது. இவள அனுப்புங்க."

"அவ பேசமாட்டாளே புள்ள."

"நொண்டியடிக்க வாய் எதுக்கு மாமா? கச்சா லிம்புவா வச்சிக்கிடுதோம்."

பம்பாய்ச் சந்துகளில் இது ஒரு சட்டம். ஆட்டத்துக்குப் பத்தாத பொடிசைக் கச்சா லிம்பு, அதாவது பச்சை எலுமிச்சை, என்பார்கள். அதுவும் எல்லோரோடும் ஓடலாம். நொண்டியடித்து வருகிறவள் தொட்டாலும் அவுட் கிடையாது. இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எத்தனையோ ஊர்களில் வேலை தேடிப் போயிருக்கிறேன். வேலை தெரியாதவனை, பழகும்வரை சும்மா கூட நில் என்று சொன்ன இடம் ஒன்றுகூட இல்லை.

தினமும் போனாள். முதலில் சுவரோரம் நின்றாள், அப்புறம் ஓடினாள். கைவண்டிக்கும் சாக்கடைக்கும் நடுவே அவள் வளைந்து தப்பிப்பதைப் பார்க்க, பசை தடவும் கையை நிறுத்திவிடுவேன். இரவில் நன்றாகத் தூங்குகிறாள், சோறு கேட்டு ஜாடை காட்டுகிறாள் என்று முதலாளி சொன்னார். பேச்சு மட்டும் வரவில்லை.

மழை விட்டிருந்த ஒரு நாள், நொண்டி வந்தவள் இவள் முதுகைத் தொட்டுவிட்டு, வழக்கம்போல அடுத்த ஆளைத் துரத்தப் போனாள். இவள் ஓடாமல் நின்றாள்.

"நான் அவுட்டு."

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. இவள் தரையில் காலை உதைத்துக் கத்தினாள்: "தொட்டுட்டால்ல! நான் அவுட்டு!"

மிட்டாய்க்கும் மருந்துக்கும் வராத குரல், தோற்றதைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளச் சொல்லிச் சண்டைக்கு வந்திருக்கிறது. பெரியவளுக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை.

"அவுட்டுன்னா ஓரமா போயி உக்காரு. எதுக்கு நடுவுல நிக்க? நாளையிலேருந்து நீயும் எங்கள மாதிரிதான், அழக்கூடாது."

"நான் ஒண்ணும் அழமாட்டேன்."

உள்ளே மெஷின் நின்றது. முதலாளி செருப்புகூடப் போடாமல் சந்துக்குள் ஓடிவந்து, அவளைத் தூக்கக் கையை நீட்டினார்.

"வாப்பா, நகரு! ஆட்டம் நடக்குல்லா."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். நொண்டி வந்த பிள்ளை அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.