மிளகின் மேல் போட்ட பழி

அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில் மிளகு விளைவிக்கும் கண்ணாயி, இரண்டு மழைக்காலமாக இருமிக்கொண்டே இருந்தாள். படுக்கும் அறையில் சுவரோடு அடுக்கியிருந்த மிளகு மூட்டைகளின் நெடிதான் காரணம் என்று சாதித்தாள். ஆனால் ஜன்னலைத் திறக்க மாட்டாள். பனி புகுந்து மிளகு நமத்துவிடுமாம்.

மாத்திரை கொண்டுவந்த நர்ஸ் சுமித்ரா கேட்டாள்: "ஏனுங்கக்கா, களத்துல நாள் முழுக்க மிளகு காயப்போடறீங்களே, அங்க இருமல் வருதுங்களா?"

"இல்லியே கண்ணு."

சுமித்ரா ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தாள். பின்னால், கூரை ஒழுகிய ஈரத்தில் சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம்.

"இதைத்தானுங்க மூச்சுல இழுத்திருக்கீங்க. எல்லாருக்கும் இப்படி ஆகாது. உங்க நெஞ்சுக்கு ஒத்துக்கலீங்க."

கண்ணாயியின் கணவர் கூரையைச் சரிசெய்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயில் வரும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து காயவிட்டார். மூட்டைகள் வேறு அறைக்குப் போயின. மாத்திரையும் தொடர்ந்தது. மூன்று மாதத்தில் இருமல் அடங்கியது.

அடுத்த அறுப்பில் முதலில் காய்ந்த மிளகை ஒரு படி அளந்து எடுத்துக்கொண்டு, கண்ணாயி சுமித்ராவின் வீட்டுக்கே போனாள்.

"எதுக்குங்கக்கா இதெல்லாம்?"

"பழியச் சுமந்தது இது. அதத் தீத்து வெச்சது நீ. ரெண்டு பேரும் ஒரே ஊட்ல இருங்க சாமி."