வாசலில் அழுத்தினால் மேஜையில் மினுங்கும்

தையல்காரிக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டு வந்தது. குக்கர் விசில் முதலில் போனது. அப்புறம் வாசலில் கூப்பிடுகிறவர்களின் குரலும் போனது. தைத்த துணியை வாங்க வந்தவர்கள் தொண்டை வறளக் கத்திவிட்டு, "ரொம்பத்தான் ராங்கி" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். உள்ளறையில் மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தவளுக்கு எதுவும் தெரியாது. கணவன் வெளியே கேள்விப்பட்டு வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் நாத்தனார் விடுமுறைக்கு வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அண்ணிக்குக் கொஞ்சம் கேட்கிற இடது காதருகே வந்து உட்கார்ந்தாள்.

"காதுதானே அண்ணி சரியில்ல? கண்ணு கழுகுக் கண்ணாச்சே! கூப்பிடுறத வெளிச்சமா மாத்திடுவோம்."

பையைக் கவிழ்த்தாள். உள்ளங்கையைவிடச் சின்னப் பலகை ஒன்று, ஒயர் குத்த வரிசையாக ஓட்டை போட்ட பலகை ஒன்று, வண்ண ஒயர்கள், பட்டன்கள், மல்லிவிதை அளவுக்குக் குட்டி எல்.இ.டி விளக்குகள்.

"இதுக்கு இவ்வளவா? ஒரு பல்பு போட்டா ஆகாதா?"

"கையை எடுத்ததும் பல்பு அணைஞ்சிடும். நீங்க ஊசியவே பாத்துட்டு இருப்பீங்க. இந்தச் சின்னப் பலகை குட்டி கம்ப்யூட்டர். நீங்க நிறுத்துற வரைக்கும் மினுக்கிட்டே இருன்னு எழுதி ஏத்திட்டா, சொன்ன பேச்சு கேக்கும். எங்க அண்ணன் மாதிரி இல்ல."

"நீயே செஞ்சு குடுத்துடேன்."

"மாட்டேன். நாளைக்கு ஒயர் கழண்டா எனக்காகக் காத்துக் கிடப்பீங்களா?"

வேறு வழியில்லாமல் தையல்காரியே கோத்தாள். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு ஓட்டைப் பலகையில் ஒயர் குத்துவது பெரிய காரியமில்லை. ஆனால் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியவில்லை. நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். தையல்காரி ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் நெற்றியில் அடித்துக்கொண்டாள். விளக்கின் இரண்டு கம்பிக் கால்களில் நீளமானது பிளஸ் பக்கம் என்று நாத்தனார் அப்போதே சொல்லியிருந்தாள். இவள்தான் மாற்றிக் குத்தியிருந்தாள். பிடுங்கித் திருப்பிக் குத்தியதும் பச்சை வெளிச்சம் மினுங்கியது.

"எரியுதுடி!" என்று அவள் போட்ட கூச்சலில் கணவன் பதறியடித்து ஓடிவந்தான்.

மினுக்கு மந்தமாக இருக்கிறதென்று நாத்தனார் மடிக்கணினியில் எழுதி ஏற்றியிருந்த நிரலில், மினுக்குகளுக்கு நடுவே விடும் நேரத்தைக் குறைத்தவளும் தையல்காரியேதான். பிறகு சுவரோரமாக ஒயரை இழுத்து வாசலில் ஒரு பட்டனும், மெஷின் மேஜையில் நிறுத்துவதற்கு ஒரு பட்டனும் பொருத்தினார்கள்.

முதலில் அழுத்தியது மாடிவீட்டு டீச்சர். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்.

"சத்தமே வரலையேம்மா, பெல் கெட்டுப்போச்சா?"

"எனக்கு வந்துடுச்சு டீச்சர்," என்றாள் தையல்காரி, சிரித்தபடி. காது கேட்காததைத் தன் வாயால் முதன்முறையாக டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் அவள் தோளைத் தொட்டு, "இவ்வளவு நாள் தெரியாமப் போச்சேம்மா" என்றார்.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பியபோது தையல்காரி அவள் கையை விடவில்லை. வீட்டில் எல்லாரும் தையல்காரியிடம் கத்திப் பேசினார்கள், இல்லாவிட்டால் பேசாமல் விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசியவள் நாத்தனார் ஒருத்திதான்.

"உனக்கு நான் என்னடி செய்யப்போறேன்?"

"போன் பண்ணா எடுங்க, அது போதும்."

அடுத்த வாரம், போன் வந்தால் தெரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கை வைக்க முடியுமா என்று தையல்காரி தானே பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.