புனித தெய்லோவின் கிண்ணம்

கதை என்று நினைத்தால் இப்போதே மூடி வைத்துவிடலாம். ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் அனுசுயாவுக்குப் போன ஆடி மாதம் நடந்தது இது. ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

கணவர் நாகேந்திரனுக்கு நாற்பது நாளாக இருமல். மூன்று டாக்டர்கள் பார்த்தாயிற்று. மனிதர் கரைந்துகொண்டே வந்தார். பயந்துபோன அனுசுயாவிடம் பக்கத்து வீட்டுப் புஷ்பாதான் சொன்னாள். வெள்ளானூரில் சுலோசனா என்ற அம்மாள் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார். அதில் தண்ணீர் குடித்தால் இருமல் நிற்கும். ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் வேல்ஸ் நாட்டில் வாழ்ந்த தெய்லோ என்ற புனிதருடையதாம். அந்த நாட்டுப் பாதிரியார் ஒருவர், தனக்குச் சமைத்துப் போட்ட சுலோசனாவின் தாத்தாவிடம் விட்டுப்போனது. குடும்பத்தின் மூத்த பிள்ளை கையால் கொடுத்தால்தான் பலிக்குமாம்.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.10. சுலோசனாவின் வீடு.

கிண்ணம் தேய்ந்த கொட்டாங்குச்சி போலிருந்தது. உள்ளே தையல் போட்டதுபோல் நெளிநெளியாக ஒரு கோடு. விளிம்பில் மஞ்சள் பிசுக்கு. எத்தனை பேர் எச்சிலோ... அனுசுயா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

நாகேந்திரன் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனார். சுலோசனா அவர் கையைப் பிடித்தார்.

"தூக்கிக் குடிக்காத தம்பி. வாய் வெச்சிக் குடி."

குடித்தார். மடக்... மடக்...

அவர் தொண்டை அசைவது நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

மடக்...

கிண்ணம் உதட்டைவிட்டு வரவில்லை. நாகேந்திரன் பிடுங்கினார். 'ப்ச்' என்று விட்டது.

மணி 3.22.

"உள்ள... ஒரு வாய் இருந்துச்சு, அனு."

அவள் வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

அன்றோடு இருமல் நின்றது. ஆனால் அவர் வாய் வைத்த டம்ளரை அவள் இடுக்கியால்தான் எடுத்தாள். மகளைக் கொஞ்ச விடவில்லை.

பத்து நாள் கழித்து, கல்லூரியில் வரலாறு நடத்தும் எதிர்வீட்டு அரவிந்தன் சொன்னார். தெய்லோவின் கிண்ணம் என்றால் அவருடைய மண்டையோடு. அந்த நாட்டில் நோயாளிகள் அதில்தான் தண்ணீர் குடித்தார்களாம்.

அனுசுயா வெள்ளானூருக்கு ஓடினாள். அந்த வெள்ளைக்காரர் மண்டையையா என் வீட்டுக்காரர் வாயில் வைத்தீர்கள் என்று கேட்டாள்.

சுலோசனா நிதானமாக, இல்லையென்று தலையாட்டினார்.

"அது எப்பவோ ஒடஞ்சி பூட்ச்சி. ஜனம் வந்துகினே கீது, இன்னா பண்றது? எங்க நைனாதான், நான் செத்தா என்னுத எட்துக்கோன்னாரு. காச நோவு. கடேசி மூணு நாளும் தண்ணி, தண்ணின்னு கேட்டாரு. சொட்டு எறங்கல. தாகத்தோடவே பூட்டாரும்மா."