நடு மரத்துக்கு வைத்த உப்பு

பிரெஞ்சு பேசும் புறநகரான புவாண்ட்-கிளேரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் மூன்று ஓக் மரங்கள் நிற்கின்றன. இருநூறு வயது என்று நகரசபைப் பலகை சொல்கிறது. அவற்றை அண்ணாந்து பார்க்க எங்களில் எவருக்கும் நேரமில்லை, அஞ்சலீனா அக்காவைத் தவிர. அவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. பஸ்ஸால் இறங்கினால், நடு மரத்தில் ஒருதரம் கை வைத்துவிட்டுத்தான் படியேறுவார். எனக்கு அது கொஞ்சம் விசராகவே பட்டது.

போன வருடத்துக்கு முந்திய வருடம் ஆவணியில் நடு மரத்தில் மட்டும் இலைகள் பழுத்தன. அக்கா தமிழ்க் கடையில் நாலு மூட்டை கல்லுப்பு வாங்கி வந்து, வேரைச் சுற்றிக் கிண்டிப் புதைத்தார். நான் பல்கனியில் நின்று பார்த்தேன்.

"என்னக்கா செய்யிறியள்?"

"பளையில எங்கட தென்னையளுக்கு வைக்கிறதுதான். உப்பு வைச்சால் மரம் தெம்பாகும்."

நானும் யாழ்ப்பாணத்து ஆள்தானே. தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வைகாசியில் மற்ற இரண்டும் தளிர்த்தன. நடு மரம் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. நகரசபை மண்ணைச் சோதித்தது. அளவுக்கு மிஞ்சிய உப்பு, மரத்தை வெட்ட வேண்டி வரலாம் என்று கடிதம் வந்தது. கட்டட முகாமையாளர் பழியை டெனிஸ்டன் தலையில் போட்டார். மாரியில் எங்கள் வாகனத் தரிப்பிடத்தில் பனி வழித்து, வழுக்காமலிருக்க உப்புத் தூவுகிறவன் அவன். அவனும் தமிழன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவனை வேலையிலிருந்து நிறுத்துவதற்கென்றே குடியிருப்பாளர் கூட்டம் கூட்டினார்கள்.

மரத்தடிப் பக்கம் வெறும் மணல்தான் போட்டதாக டெனிஸ்டன் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. எல்லாம் தெரிந்த நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

அக்கா எழுந்தார். அவருடையது வேலையிடத்தில் பிடித்த அரைகுறைப் பிரெஞ்சு. உப்பு, நான், நாலு மூட்டை, இந்தப் பிள்ளையில் பிழையில்லை என்று அவ்வளவையும் அதிலேயே சொல்லி முடித்தார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. மரம் பிழைக்க என்ன செய்யவேண்டும் என்று கூட்டத்துக்கு வந்திருந்த நகரசபை ஆளிடம் கேட்டார். உப்பு கழுவப்பட்டுக் கீழே இறங்கும்வரை தண்ணீர் விடச் சொன்னார் அவர். அடுத்த வைகாசி வரை தவணை கொடுத்தார். டெனிஸ்டனை நிறுத்தும் பேச்சும் நின்றது.

அந்தக் கோடை முழுக்க, வேலையால் வந்த கையோடு அக்கா தண்ணீர்க் குழாயும் கையுமாக நின்றார். ஒரு கிழமை பொறுத்து நானும் இறங்கிப் போனேன்.

"எனக்கும் தெரியும்தானே அக்கா. கூட்டத்தில நான் கதைச்சிருக்க வேணும்."

"சரி, குழாயை இழுத்துப் பிடியுங்கோ," என்றார். அவ்வளவுதான்.

இந்த வைகாசியில் மற்ற மரங்கள் தளிர்த்துப் பத்து நாளாகியும் நடு மரத்தின் மொட்டைப் பக்கத்தில் ஒன்றும் துளிர்க்கவில்லை. பதினோராம் நாள் டெனிஸ்டன் என் கதவைத் தட்டினான்.

"அண்ணை, மொட்டைக் கொப்பில இலை வந்திட்டுது. அக்கா எத்தினை மணிக்கு வருவா?"

இரண்டு பேரும் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றோம். அக்கா இறங்கியதும் டெனிஸ்டன் அவருடைய பையை வாங்கிக்கொண்டான். அவர் வழக்கம்போல மரத்தில் கை வைத்து, அண்ணாந்து பார்த்து, அழுதார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அவருடைய கைக்குப் பக்கத்தில் நானும் கையை வைத்தேன்.