அயிரை மீன் குழம்பும் என் நாக்கும்

எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் விற்கும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி வேலை. தேனியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் பஸ் ஏறினால் ஒரு நாள் போடி, ஒரு நாள் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், இன்னொரு நாள் தேவதானப்பட்டிப் பக்கம் என்று கடைகளையும் தோட்டங்களையும் சுற்றிவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புவேன். கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான்.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அது பெரிய தண்டனை. எனக்கோ அந்த வேலையில் பிடித்ததே அதுதான். எந்த ஊரில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். தேனி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி கிளப். அங்கே இட்லியை ஏழரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் சாம்பாரில் வெந்நீர் சேர்ந்துவிடும். சின்னமனூரில் ஒரு புரோட்டா கடையில் சால்னாவுக்காகவே உட்காரலாம், சுக்கா வறுவலைக் கேட்காமல் இருப்பது நல்லது. கம்பத்தில் ஒரு மலையாளத்துக்காரர் கடை. புட்டும் கடலையும் அமிர்தம். அவர் வைக்கிற சாம்பாரை மட்டும் தொடக்கூடாது. போடியில் ஏலக்காய் மணக்க டீ கிடைக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். மூட்டை மூட்டையாக ஏலக்காய் போகிற ஊரில் டீயில் ஒரு தோல்கூட மிதக்காது.

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. நன்றாக இருந்தால் அடுப்படி வரை போய்ச் சொல்வேன். இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். பஸ் கண்டக்டர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், என்னைப் போல ஊர் சுற்றும் பிரதிநிதிகள் எல்லோரும் என்னைப் பார்த்தால், "சார், இன்னைக்கு எங்கன சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சமில்லை, நிறையவே இருந்தது.

அந்தச் சமயத்தில் உத்தமபாளையத்தில் அலுவலகங்கள் இருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு மெஸ் புதிதாகத் திறந்தார்கள். அனுமந்தன்பட்டியிலிருந்து வந்த கணவன் மனைவி இரண்டு பேர்தான் நடத்தினார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களாக இருப்பார்கள். சுவரில் மாதா படம், அதன் கீழே நாலு பெஞ்சு. அடுப்பு அவர் பொறுப்பு. காய் நறுக்குவது, மீன் கழுவுவது, பரிமாறுவது எல்லாம் அந்த அம்மா. புதன்கிழமை மட்டும் அயிரை மீன் குழம்பு வைப்பார்கள். ஒரு தடவை சாப்பிட்டதும் நான் அசந்துபோனேன். விரல் நீளம்கூட இல்லாத மீன் அது. உயிரோடு வாங்கிவந்து, பால் கலந்த தண்ணீரில் விட்டால் வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும். பிறகு உப்புப் போட்டு உரசிப் பல தண்ணீர் மாற்றி அலச வேண்டும். அதில் சோம்பினால் குழம்பே கசந்துவிடும். இவர்கள் குழம்பில் அந்தக் குறை இருந்ததே இல்லை.

நான் சொல்லித்தான் அந்த மெஸ்ஸில் கூட்டம் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் புதன்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் நான் சொல்லி வந்தவர்கள்.

பங்குனி மாதத்து வெயிலில் ஒரு புதன்கிழமை. மெஸ் நிறைந்திருந்தது. குழம்பைப் பிசைந்து முதல் வாய் வைத்தேன். கசந்தது. இரண்டாவது வாயும் கசந்தது. எண்ணெய் வாடை வேறு வயிற்றைப் புரட்டியது.

"என்னக்கா இது, மீனை அலசுனீங்களா, அப்படியே அள்ளிப் போட்டீங்களா? ஒரே கசப்பு" என்றேன். மெதுவாக அல்ல.

கரண்டியோடு நின்ற அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அஞ்சு தண்ணி மாத்துனேண்ணே. எப்பவும் போலத்தான் அலசுனேன்."

"அஞ்சு தண்ணி மாத்துன மீனா இது?" என்று சொல்லிவிட்டு இலையை மூடினேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த குமாஸ்தா அதுவரை ருசித்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். "சார் சொல்லவுந்தான் தெரியுது. லேசாக் கசக்கத்தான் செய்யுது" என்று அவரும் எழுந்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். சத்தம் கேட்டு மெஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அந்த மெஸ் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் மற்ற கடைகளும் கெட்டுப்போயின. தேனி காபி கிளப்பின் இட்லி வாய்க்குப் பிடிக்கவில்லை. சின்னமனூர் சால்னா வாடை தெருவிலேயே குமட்டியது. கம்பத்துப் புட்டு தொண்டையில் இறங்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கும் கைப்பக்குவம் இல்லாமல் போய்விட்டது என்று சக பிரதிநிதிகளிடம் பேசினேன். ஒரு நாள் அறையில் வைத்திருந்த மண்பானைத் தண்ணீர்கூடக் கசந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பானையை மாற்றினேன். உடம்பு அசதியாக இருந்ததற்கும், சிறுநீர் மஞ்சளாகப் போனதற்கும் வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடி உத்தமபாளையம். மத்தியான நேரம். பஸ்ஸை விட்டு இறங்கினேன், கால் துவண்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். எடுத்தபிறகு எழுந்திருக்க முடியவில்லை. போகிறவர்கள் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், ஒதுங்கித்தான் போனார்கள்.

சைக்கிள் ஒன்று தாண்டிப் போய் நின்றது. பின்னால் காய்கறிப் பை. மெஸ்காரர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து என் முன்னால் குத்தவைத்தார்.

"சார், இங்கன பாருங்க. கண்ணை நல்லா முழிங்க." முழித்தேன். அவர் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு என் நகத்தைப் பார்த்தார். "கண்ணு பூரா மஞ்சளாக் கிடக்கு சார். உங்களுக்கு மஞ்சக்காமாலை. எத்தனை நாளா வாய் கசக்குது?"

எத்தனை நாளாக என்று எண்ணிப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமையில் போய் நின்றது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பிறகு காய்கறிப் பையைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வைத்துவிட்டு, என்னைக் கேரியரில் உட்காரவைத்து, வேகாத வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். "இடுப்பைப் பிடிச்சுக்கங்க சார், விழுந்துறாதீக" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் நாலு நாள் இப்படியே அலைந்திருந்தால் நிலைமை கைமீறிப் போயிருக்கும் என்று திட்டிக்கொண்டே படுக்கையில் சேர்த்தார். எண்ணெயை நினைக்கக்கூடாது, கஞ்சியும் மோரும்தான் என்றார்.

அன்று சாயங்காலம் மெஸ்காரரும் அவர் மனைவியும் கஞ்சி கொண்டுவந்தார்கள். கஞ்சியை ஆற்றியபடியே அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டது. "அப்ப அன்னைக்கும் உங்களுக்கு ஒடம்பு சரியில்லையாண்ணே?"

"ஆமாக்கா. குழம்புல ஒண்ணுமில்ல. என் நாக்குதான்" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. அந்த அம்மா கணவனைத் திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னிடம்தான் சொன்னார், ஆனால் அவளுக்குத்தான் சொன்னார்.

"நீங்க சொல்லிட்டுப் போனதும் இவளைக் கண்டபடி வைதுட்டேன் சார். சோம்பேறித்தனமா அலசிட்டியேன்னு. இல்லை இல்லைன்னு அழுதா. நான் நம்பலை. அன்னையில இருந்து அயிரையே வாங்கலை. இவளும் எங்கிட்டப் பேசலை. பத்து நாளா ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்லாமத்தான் சமைச்சோம். நேத்து வந்தவுக ஏழே பேரு." மனைவி பக்கம் திரும்பினார். "ஓம் மேல தப்பில்ல ஆத்தா" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கஞ்சி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டது. அவர் பின்னாலேயே போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கஞ்சியைக் குடித்தேன். அதுவும் கசந்தது. இந்தத் தடவை யாரையும் குறை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் அவர்கள் வீட்டுக் கஞ்சிதான். கடைசி நாட்களில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து அந்த அம்மாவே கொண்டுவந்து கொடுத்தது.

உடம்பு தேறி வேலைக்குப் போனதும், யார் யாரிடம் மெஸ்ஸைப் பற்றித் தப்பாகச் சொன்னேனோ அவர்களையெல்லாம் தேடிப் போய், "தப்பு என்மேல. எனக்குத்தான் காமாலை" என்று சொன்னேன். ஒரு கடையைக் கெட்டது என்று சொன்னபோது எல்லோரும் உடனே நம்பினார்கள். நல்லது என்று திருத்திச் சொன்னபோது பலர் சிரித்தார்கள். "அவுககிட்ட ஏதாச்சும் வாங்கிக்கிட்டீகளா சார்?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார். கூட இலையை மூடிய குமாஸ்தா, தனக்கு உண்மையாகவே கசந்தது என்று கடைசிவரை சாதித்தார். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவே இல்லை. பழைய கூட்டம் சேரத் தீபாவளி வரை ஆனது.

மூன்று வருடம் கழித்து எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புதன்கிழமையாகப் பார்த்துத்தான் போவேன். அந்த அம்மா பரிமாறிவிட்டு என் முகத்தை ஒரு நொடி பார்க்கும். நான் தலையசைத்த பிறகுதான் அடுத்த இலைக்கு நகரும். அந்த ஒரு நொடி எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சாப்பாட்டுப் பிரியம் எனக்கு இன்னும் போகவில்லை, அபிப்பிராயம் சொல்லும் பழக்கமும் போகவில்லை. ஆனால் ஒரு கடைச் சாப்பாட்டைக் குறை சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம், நான் சொல்லும் ஒரு வார்த்தை அடுப்படி வரை போய் யாருடைய தலையில் விழும் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.